மந்திரி வேஷத்துக்கு ஆள் இல்லை

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நான், மகன், மருமகள், பேத்தி எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். சுகம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அறுபத்தேழு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடுவது உனக்குக் கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள். நான் மருமகளாக வந்த அன்று வீட்டில் எல்லாரும் உன்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என் வாயில் ஒன்று விழுந்துவிட்டால் அப்புறம் மாறாது.

பத்தொன்பது வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. உன் அண்ணன் சாவுக்கு நீ வரவில்லை. மூன்றாம் நாள் போன் பண்ணி, "லீவு கிடைக்கல அண்ணி" என்றாய். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனி இவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று. இப்போது எழுதுவதால் அதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. தேவை வந்திருக்கிறது, எழுதுகிறேன்.

உன் வக்கீல் கடிதம் நாடக மன்றத்துக்கு வந்தது. மாமா கட்டிய கொட்டகையை டைல்ஸ் கடைக்காரருக்குக் கிடங்காக விற்கப் போகிறாயாம், மார்ச்சுக்குள் நாங்கள் சாமான்களை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மாமா வீட்டை மகனுக்கும் கொட்டகையை மகளுக்கும் எழுதி வைத்தார். அதில் எனக்கு வழக்கில்லை. இத்தனை வருஷம் நீ எங்களிடம் வாடகை வாங்கவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது. நான் நல்லதையும் ஞாபகம் வைத்திருப்பேன், அதை யாரும் கவனிப்பதில்லை.

கடிதத்தைத் தையல்காரர்தான் கூட்டத்தில் படித்தார். அவர்தான் இப்போது மன்றத் தலைவர். படித்து முடித்ததும் எலக்ட்ரீசியன் எழுந்து போய் மேடை விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தார். எல்லாம் எரிகிறதா என்று பார்த்தாராம். கணக்கு வாத்தியார், "பாட்டிம்மா, நீங்க உங்க நாத்தனாருக்கு எழுதினா இனாமாவே குடுத்துருவாங்களே" என்றார். நான், "இனாம் கேக்கற வாய் எனக்கு இல்ல வாத்தியாரே" என்றேன்.

ஆகையால் இனாம் கேட்கவில்லை. டைல்ஸ்காரர் கொடுக்கும் அதே விலையை மன்றம் கொடுக்கும். ஜூன் முடியும் வரை அவகாசம் கொடு, போதும். கூரை மூன்றாம் வரிசைக்கு மேல் ஒழுகுகிறது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கவும் மாட்டேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணி

*

ஜனவரி 27

அன்புள்ள அண்ணி,

உங்கள் கையெழுத்தில் கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. நான் அந்த வீட்டில் இருந்தபோது உங்களுக்கு எழுதத் தெரியாது. எப்போது கற்றுக்கொண்டீர்கள்?

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். ஜூன் 30 வரை பொறுக்கிறேன். விலை அதேதான். ஜூலை முதல் தேதி டைல்ஸ்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் வயதாகிறது. ஒரு காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

ஏன் விற்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அந்தக் கட்டடத்தை நினைத்தால் எனக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது. அப்பா எழுதிய நாடகம், மூன்றாம் அங்கம், ராஜா முன்னால் மகள் படகுக்காரனுக்காக வாதாடும் இடம். நடுமேடையில் நிற்கிறேன். வசனம் வரவில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்க நீங்கள் நிற்கிறீர்கள். அங்கிருந்தும் வரவில்லை. அப்பா கையைத் தூக்கி, திரையை இறக்கச் சொன்னார். அதற்குப் பிறகு நான் மேடை ஏறவே இல்லை.

அண்ணன் சாவுக்கு வராதது என் தப்பு. லீவு கிடைத்தது. உங்கள் முன்னால் வந்து நிற்கப் பிடிக்கவில்லை.

அன்புடன்,
பாப்பா

*

மார்ச் 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அவகாசம் கொடுத்ததற்கு மன்றத்தின் சார்பில் நன்றி. தையல்காரர் தனியாகவும் சொல்லச் சொன்னார்.

மூன்றாம் அங்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நான் எடுத்துக்கொடுத்தேன். அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன், உன் அண்ணனிடமும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அந்தப் பேச்சு இத்தோடு போதும்.

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். முதலில் வீடு வீடாகப் போனோம். கதவைத் திறந்தவர்கள் எல்லாம், "நல்ல காரியம்தான்" என்றார்கள். நல்ல காரியம் என்று சொன்னவர்கள் ஒருவரும் பையில் கை விடவில்லை. "வீட்லயே டிவி இருக்கே பாட்டி" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். அவள் கல்யாண வரவேற்பு நம் கொட்டகையில்தான் நடந்தது. வாடகை பாதிதான் கொடுத்தார்கள். நான் சொல்லிக் காட்டவில்லை, தையல்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் சலூன்காரருக்கு ஒரு யோசனை வந்தது. மாமாவின் ராஜா நாடகத்தைப் போடுவோம், வேஷங்களை விற்போம் என்றார். யார் பணம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு வேஷம். நடிக்க வருமா வராதா என்று பார்ப்பதில்லை. "ஊர்ல அவனவன் கண்ணாடி முன்னாடி என் நாற்காலில உக்காந்து ராஜா மாதிரிதான் மூஞ்சியத் திருப்பிப் பாக்கறான். எனக்குத் தெரியும், விக்கும்" என்றார்.

விற்றது. அதுதான் வம்பு. சலூன்காரர் தன் கடையில் விற்றார், தையல்காரர் தன் கடையில் விற்றார், எலக்ட்ரீசியன் மின்விசிறி மாட்டப் போன வீடுகளில் விற்றார். மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவில்லை. கணக்கு வாத்தியார் பட்டியலை எடுத்து உட்கார்ந்தார். ராஜா வேஷம் ஏழு பேருக்கு விற்றிருக்கிறது. ஏழு ராஜா, பாப்பா. கசாப்புக் கடைக்காரர், நகைக்கடை முதலாளி, மருந்துக் கடைக்காரர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், டியூஷன் வாத்தியார், ஐஸ் கம்பெனிக்காரர், பிரசவ வார்டு நர்ஸம்மா. நர்ஸம்மாவிடம் போய், "இது ஆம்பள வேஷமாச்சே" என்று வாத்தியார் இழுத்தார். அந்த அம்மா, "ராஜான்னுதான சொன்னீங்க, ஆம்பளன்னு யாரு சொன்னா? இந்த ஊர்ல பாதிப் பேர இந்தக் கையாலதான் வெளிய எடுத்தேன். ஒரு நாள் ஆண்டா என்ன?" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது, வங்கியில் போட்டாயிற்று. வேறு வேஷம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. மந்திரி வேஷத்துக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. சேனாபதிக்கு ஆள் உண்டு, படகுக்காரனுக்கு ஆள் உண்டு, காவலாளிக்குக்கூட ஒருத்தர் உண்டு. ஒரு ராஜாவுக்கு மூன்று மந்திரி இருந்தால் சமாளிக்கலாம். இங்கே ஏழு ராஜாவுக்கு ஒரு மந்திரி இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாடகப் பிரதியைக் கரையான் தின்று எட்டு வருஷம் ஆகிறது. நான் கவலைப்படவில்லை. என்னைக் கரையான் தின்னவில்லை. மாமா அடுக்களை வாசலில் உட்கார்ந்து அந்த நாடகத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் பார்த்தபோது கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். முழுவதும் இருக்கிறது. அவர் அடித்துவிட்ட வரிகளும் இருக்கின்றன.

அண்ணி

*

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணி,

ஏழு ராஜாவைப் படித்துவிட்டுத் தனியாகச் சமையலறையில் நின்று சிரித்தேன். என் மகன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தான்.

அவனிடம் முழுக் கதையையும் சொன்னேன், மூன்றாம் அங்கத்தையும் சேர்த்து. கேட்டுவிட்டு, "உனக்குப் பணம் வேணுமா, பதில் வேணுமாம்மா?" என்றான். யோசித்துப் பார்த்தேன். எனக்குப் பதில்தான் வேண்டும்.

எடுத்துக்கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்தேழு வருஷமாக இதையேதான் சொல்கிறீர்கள். நான் அந்த மேடையில் நின்றேன் அண்ணி. அந்த வயதில் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றைக்கு என்ன நடந்தது என்று உள்ளபடி எழுதுங்கள். எழுதினால் கொட்டகையின் விலையில் பாதியை விட்டுவிடுகிறேன். வக்கீலிடம் இன்றே சொல்லத் தயார். நீங்கள் எல்லாரும் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

பாப்பா

*

ஏப்ரல் 29

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்தேன். மன்றத்துக்கு வந்த விலையை மன்றத்துக்குத் தெரியாமல் மறைக்க எனக்கு உரிமை இல்லை.

படித்து முடித்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஐஸ் கம்பெனிக்காரர், "பாதி விலை குறையுதுன்னா ஒரு வார்த்த எழுதிப் போடுங்களேன் பாட்டி. நாங்க யாரும் கேக்க மாட்டோம்" என்றார். கணக்கு வாத்தியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், நாலு மாதமாகத் தூங்காத மனிதர்.

நான் எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "விலை பேசிச் சொன்னா அது பொய்யா நிஜமான்னு வாங்கினவளுக்குத் தெரியாது. பாதிப் பணத்துக்கு இந்தக் கிழவி எத வேணாலும் சொல்லுவான்னு ஆயிடும். நான் சொல்லணும்னா கடன் இல்லாம நின்னு சொல்லுவேன். முழு விலையும் குடுப்போம். முடியலன்னா பழிய என் தலைல போடுங்க."

போட்டார்கள், பாப்பா. இரண்டு பேர் மன்றத்தை விட்டுப் போய்விட்டார்கள். நகைக்கடை முதலாளி மூன்று நாள் என்னைத் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைக் குறித்து வைத்திருக்கிறேன். தையல்காரர் மட்டும், "அவங்க சொல்றது சரி. மத்ததப் பேசுவோம்" என்று கூட்ட நோட்டில் பக்கத்தைப் புரட்டினார்.

ஆகையால் பாதி விலை வேண்டாம். உன் பெருந்தன்மைக்கு நன்றி.

மந்திரி கிடைத்துவிட்டார். ராஜா வரும் காட்சிகள் ஏழுதான், அதனால் காட்சிக்கு ஒரு ராஜா என்று பிரித்துவிட்டோம். ஏழு பேரில் ஒருத்தருக்கும் வசனம் நிற்கவில்லை. கசாப்புக் கடைக்காரர் முதல் வரியைச் சொன்னால் ஐந்தாவது வரிக்குப் போய்விடுகிறார். டியூஷன் வாத்தியார் எல்லாவற்றையும் கேள்வியாகவே சொல்கிறார். பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக்கொடுத்தால் அவர்களுக்குக் கேட்கவில்லை, கடைசி வரிசைக்குக் கேட்கிறது. அப்போது நர்ஸம்மாதான் சொன்னார். "மந்திரின்னா ராஜா காதுல எதையாவது ஓதிக்கிட்டேதான இருப்பான். பாட்டிய மந்திரி ஆக்கிட்டாப் போச்சு. பக்கத்துலயே நின்னு ஓதட்டும்."

எழுபத்து நாலு வயதில் தாடி ஒட்டிக்கொள்கிறேன். பசை அரிக்கிறது. என் பேத்தி, "பாட்டி, தாடியோட நீ ரொம்ப அழகு" என்கிறாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று தெரியும், இருந்தாலும் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தேன். ஐம்பது வருஷமாகத் திரைக்குப் பின்னாலேயே நின்றவள், முதல் தடவையாக முன்னால் வருகிறேன்.

அண்ணி

*

ஜூலை 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

முழுத் தொகையும் ஜூன் 29ஆம் தேதி உன் வக்கீல் கைக்கு வந்து சேர்ந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். எப்படி வந்தது என்பது தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

நாடகத்தை ஒரு நாள்தான் போடுவதாக இருந்தது. ஏழு ராஜாவின் சொந்தக்காரர்களே கொட்டகையை நிரப்பிவிட்டார்கள், பாதிப் பேர் வெளியே நின்றார்கள். உள்ளே விடவில்லை என்று சண்டை. மறுநாளும் போட்டோம், அடுத்த வாரமும் போட்டோம். பதினொரு தடவை போட்டோம். நர்ஸம்மா சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன், "அம்மா, என்னைத் தெரியுதா" என்று கத்தினான். அந்த அம்மா கிரீடத்தைக் கழற்றாமலே, "தெரியும்டா, தலைகீழா வந்து பாடாப் படுத்துனவன்" என்றார். கொட்டகை அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

அப்படியும் ஜூன் இருபதில் ஒரு பெரிய தொகை துண்டு விழுந்தது. அதைப் போட்டது யார் தெரியுமா, டைல்ஸ் கடைக்காரர். நம்ப மாட்டாய். மருந்துக் கடைக்காரர் அவருக்கு மச்சான். மச்சான் கிரீடம் வைத்துக்கொண்டு நிற்பதை ஒரு நாள் வந்து பார்த்தார். மறுநாள் காலையில் தையல்காரர் கடையில் நின்றார். "கடைசி நாள் மச்சான் வர்ற காட்சில நான்தான் ராஜா. எவ்வளவு?" என்றார். தையல்காரர் யோக்கியர். "அண்ணே, இந்தப் பணம் சேந்தா கொட்டகை உங்களுக்குக் கிடைக்காது" என்று சொல்லியே வாங்கினார். அதற்கு அவர், "கிடங்கு வேற எங்கயாவது கட்டிக்கலாம். இவன் ராஜாவாவும் நான் வேடிக்க பாக்கறவனாவும் இருக்கறத எங்க போய்ச் சொல்றது" என்று மூன்று மடங்கு வைத்துவிட்டுப் போனார். நன்றாகவே நடித்தார், ஞாயமாகச் சொல்ல வேண்டும்.

உன் சார்பில் வக்கீல் கையெழுத்துப் போட, பத்திரம் மன்றத்தின் பேரில் பதிவாயிற்று. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா என் வயதைப் பார்த்துவிட்டு, கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தேன். எலக்ட்ரீசியன், சலூன்காரர், நர்ஸம்மா எல்லாரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். நான் கையெழுத்துப் போட்டு முடித்ததும் கணக்கு வாத்தியார் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. இது எங்கள் கொட்டகை, பாப்பா. பிச்சையாக வந்ததில்லை, தள்ளுபடியாக வந்ததில்லை. சொல்லும்போதே எனக்கு முதுகு நிமிர்கிறது.

இனி உனக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆகையால் சொல்கிறேன்.

அன்றைக்கு வரி என் நாக்கில் இருந்தது. நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

மறந்து போகவில்லை, எனக்கு மறக்காது. அன்று சாயங்காலம் வேஷ அறையில் உன் காலேஜ் தோழிகள் நாலு பேர் வந்திருந்தார்கள். நான் கீழே உட்கார்ந்து உன் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வசனம் எடுத்துக்கொடுப்பது யார் என்று ஒருத்தி கேட்டாள். நீ சொன்னாய்: "எங்க அண்ணிதான். ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது. கிளி மாதிரி, கேட்டதத் திருப்பிச் சொல்லும்." சொல்லும் என்றாய், சொல்லுவாங்க என்று சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நீ குனிந்து பார்க்கவில்லை.

நீ மேடையில் நின்று என் பக்கம் திரும்பினபோது, கிளி வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று பார் என்று நினைத்தேன். மூன்று மூச்சு நேரம். அப்புறம் மனசு கேட்காமல் எடுத்துக்கொடுத்தேன். அதற்குள் மாமா கையைத் தூக்கிவிட்டார், திரை இறங்கும் சத்தத்தில் போய்விட்டது. எடுத்துக்கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது உண்மையும் இல்லை. அடுத்த வருஷம் மகன் முதல் வகுப்பில் சேர்ந்தான், அவன் புத்தகத்தை வைத்து நானும் எழுதக் கற்றுக்கொண்டேன். எப்போது கற்றுக்கொண்டேன் என்று கேட்டாயே, அப்போதுதான்.

மூன்று மூச்சு ஒன்றும் பெரிதில்லை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். திரைக்குப் பின்னால் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நாலாவது நாள் பஸ் டிரைவருக்கு வசனம் நின்றுவிட்டது. நான் அவர் பக்கத்தில் தாடியோடு நிற்கிறேன். முன்னால் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்தார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனிதர், கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் உடனே எடுத்துக்கொடுத்தேன். அந்த உடனேகூட எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மன்னிப்பு என்ற வார்த்தையை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எனக்கு அது எழுத வரவில்லை. தப்பு என்னுடையது. உனக்கு இருபது வயது, எனக்கு இருபத்தேழு. நான்தான் பெரியவள்.

அண்ணி

*

ஜூலை 15

அன்புள்ள அண்ணி,

மூன்று மூச்சு இல்லை. நான் உள்ளே நின்று எண்ணினேன், அதைவிட அதிகம். உங்கள் ஞாபகத்தில் தப்பே வராது என்று ஊர் நம்பலாம், இந்த ஒரு விஷயத்தில் நான் சொல்வதுதான் சரி.

கிளி என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதினால் அது நடந்துதான் இருக்கும். ஆனால் எனக்கு அது ஞாபகத்தில் இல்லை அண்ணி. தோழிகள் வந்தது ஞாபகம் இருக்கிறது, பவுடர் வாசனை ஞாபகம் இருக்கிறது, நீங்கள் கீழே உட்கார்ந்திருந்ததுகூட ஞாபகம் இல்லை. நாலு நாளாக அதுதான் என்னைக் குடைகிறது. மகன், "பதில் கிடைச்சிருச்சே, அப்புறம் என்ன?" என்கிறான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உங்களிடம் பொய் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. எனக்குக் கோபம் இருக்கிறது. உங்கள் மேலும் இருக்கிறது, இருபது வயதில் அந்த அறையில் நின்றவள் மேலும் இருக்கிறது. கடிதத்தில் உங்களோடு சண்டை போட்டு ஜெயிக்க என்னால் முடியாது. நேரில் வருகிறேன்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி காலையில் வந்து இறங்குவேன். மகன் ஓட்டலில் அறை போடுகிறேன் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாற்பத்தேழு வருஷத்துச் சண்டை, பாதியில் எழுந்து ஓட்டலுக்குப் போக முடியாது. கூடத்தில் ஒரு பாய் போட்டால் போதும். உங்களுக்குப் பக்கத்தில் போடுங்கள், எனக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம்.

பாப்பா